சின்ன டிராக்டர் மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

மெக்கானிக் வேலை தெரியாதவர் கையில் மினி டிராக்டர் தாங்காது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். வண்டி நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் லூசான ஒரு வயர், அடைத்துக்கொண்ட ஒரு ஃபில்டர், டீசலில் புகுந்த காற்று, குறைந்துபோன ஆயில் என்று கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கப் பட்டறை அனுபவம் தேவையில்லை. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் போதும். கண்ணால் பார்ப்பது முதலில், ஸ்பேனர் எடுப்பது பிறகு, காசு செலவழிப்பது கடைசியில்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்துங்கள். பின்னால் மாட்டிய கருவியைத் தரையில் இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஹைட்ராலிக்கில், அதாவது ஆயில் அழுத்தத்தில், தூக்கி நிற்கும் கருவிக்கு அடியில் கையோ தலையோ போகவே கூடாது. ஒரு ஹோஸ் வெடித்தாலும், யாராவது தெரியாமல் லீவரைத் தட்டினாலும் அது அப்படியே கீழே விழும்.

இன்னொரு கண்டிப்பு: ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். ஃபில்டரை மாற்றி, வயரைப் பிடுங்கிச் செருகி, பெல்ட்டையும் இறுக்கிவிட்டால் வண்டி ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும்.

சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்கவில்லை

செல்ஃப் அடிக்கவில்லை, சத்தமும் இல்லை. உடனே பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். முதலில் சேஃப்டி சுவிட்சுகளை நினையுங்கள். இன்றைய சின்ன டிராக்டர்களில் கிளட்ச் அடிவரை மிதிபட்டிருக்க வேண்டும், கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும், இன்ஜின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் பி.டி.ஓ. விலகியிருக்க வேண்டும், சில மாடல்களில் ஆள் சீட்டில் உட்கார்ந்திருக்கவும் வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் செல்ஃபுக்குக் கரண்ட் போகாது. பி.டி.ஓ. லீவர் பாதி வழியில் நிற்பதைக் கவனிக்காமல் வண்டியே போய்விட்டது என்று பதறுபவர்கள் நிறையப் பேர். எல்லா லீவரையும் ஒரு முறை முன்னும் பின்னும் ஆட்டி நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை முழுதாக மிதித்து மறுபடி முயலுங்கள்.

அப்போதும் அசையவில்லையா? ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். லைட்டே எரியவில்லை என்றால் மெயின் ஃபியூஸ் அல்லது பேட்டரி டெர்மினல். லைட் நன்றாக எரிந்து, சாவியைத் திருப்பும்போது மங்கி அணைகிறது என்றால் பேட்டரி இறங்கியிருக்கிறது, இல்லையென்றால் டெர்மினலில் பிடிப்பு இல்லை. லைட் கொஞ்சமும் மங்காமல் அப்படியே எரிகிறது என்றால் பேட்டரியில் குறை இல்லை. செல்ஃபுக்கு உத்தரவு போய்ச் சேரவில்லை. சுவிட்ச், ரிலே, கிளட்சுக்கு அடியில் இருக்கும் சேஃப்டி சுவிட்சின் வயர், இவற்றில் ஒன்றுதான். வயரை எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்; வாரக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது.

செல்ஃப் ‘டக் டக் டக்’ என்று அடித்துக்கொண்டே இருந்தால் அது பேட்டரிப் பக்கத்துக் கோளாறுதான். டெர்மினலைக் கையால் முறுக்கிப் பாருங்கள். கையால் ஆட்டினால் அசைகிற டெர்மினல் இன்ஜினைச் சுற்றவிடாது. வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளால் ஈயம் பளிச்சிடும்வரை தேய்த்து மாட்டுங்கள். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ்ஸைத் திருகும் ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட்டாகி நெருப்பு பறக்கும். அதே மைனஸ் கேபிள் பாடியில் போல்ட் போட்டிருக்கும் இடத்தையும் பாருங்கள். துருவும் பெயிண்டும் சேர்ந்து அங்கே எர்த் கிடைக்காமல் போவது உண்டு.

ஒரு சின்ன மல்டிமீட்டர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் வேலை தெரியாதவருக்கு அதைவிடப் பயனுள்ள கருவி கிடையாது. வண்டி ஓய்வில் இருக்கும்போது பேட்டரியில் 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 காட்டினால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும், ஓடும்போதும் 12.5லேயே நின்றால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. புது பேட்டரி போட்டாலும் சில நாளில் அதுவும் படுத்துவிடும்.

செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனைகளை ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து ஸ்டார்ட் பண்ணும் வழியை யாராவது உங்களுக்குக் காட்டித் தந்திருக்கலாம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அப்போது சேஃப்டி சுவிட்ச் எதுவும் வேலை செய்யாது. கியரில் இருக்கும் வண்டி ஸ்டார்ட்டான நொடியே நகரும். நீங்கள் நிற்பது பின்சக்கரத்துக்கு நேர் முன்னால். இப்படி உயிர்போன ஆட்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

ஒரே மூச்சில் 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். நடுவில் அரை நிமிடமாவது ஓய்வு கொடுங்கள், இல்லையென்றால் மோட்டார் சூடேறிக் கருகிவிடும். அடிக்கும்போது இன்னொருவரைச் சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த ஒரு சோதனை பாதித் தேடலை மிச்சப்படுத்தும்.

வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் மாட்டேன் என்கிறது. குளிர்ந்த இன்ஜினுக்குச் சூடு போதவில்லை. சிலிண்டரை முன்கூட்டியே சூடேற்றும் குளோ பிளக்கின் விளக்கு அணையும்வரை பொறுத்துப் பிறகு செல்ஃப் அடிக்கிறீர்களா? பிளக்குக்கான ஃபியூஸ் சரியா? செல்ஃப் மந்தமாகச் சுற்றினாலும் இதே புகைதான் வரும்; அப்போது திரும்பவும் பேட்டரிக்குப் போங்கள். குளோ பிளக் உள்ள இன்ஜினில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. சிவக்கக் காய்ந்த பிளக்கில் பட்டு வெடித்துப் பிஸ்டனை உடைக்கும்.

புகையே வரவில்லை என்றால் டீசல் போய்ச் சேரவில்லை. டேங்கில் டீசல் இருக்கிறதா? டேங்குக்கு அடியில் உள்ள குழாய் திறந்திருக்கிறதா? இன்ஜினை அணைக்க இழுக்கும் நாப் உள்ள வண்டி என்றால் அது முழுதாக உள்ளே போயிருக்கிறதா? நாப் இல்லாமல் சாவியிலேயே அணையும் வண்டியில் டீசல் பம்பு அருகே ஒரு சோலனாய்டு இருக்கும். சாவியை ஆன் செய்ததும் அங்கே ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அதன் ஃபியூசையும் வயரையும் பாருங்கள். அடுத்து, டீசல் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணம். அடியில் தனி அடுக்காக ஏதாவது தேங்கியிருந்தால் அது தண்ணீர். டீசலைவிடக் கனம் என்பதால் கீழே தங்கும். வடித்துவிடுங்கள்.

இதெல்லாம் சரி என்றால் மிச்சம் இருப்பது காற்று. டீசல் தீர்ந்து வண்டி நின்றிருந்தாலோ, ஃபில்டர் மாற்றியிருந்தாலோ முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். பம்பு டீசலை அழுத்தி, சிலிண்டருக்குள் பீச்சும் நோசிலுக்கு அனுப்புகிறது. நடுவில் காற்று இருந்தால் அந்த அழுத்தம் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகி, நோசில் திறக்காது. அதனால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

பயப்பட ஒன்றும் இல்லை. டேங்கில் பாதியாவது டீசல் ஊற்றுங்கள். டீசல் ஃபில்டரின் தலையில் சின்னதாக ஒரு திருகு இருக்கும். அதைச் சுற்றித் துணி வைத்து, திருகைக் கொஞ்சம் லூஸ் செய்யுங்கள். கைப்பம்பு இருந்தால் அழுத்துங்கள். மின்சாரப் பம்பு என்றால் சாவியை ஆனில் வைத்தாலே அது டீசலைத் தள்ளும். முதலில் ‘புஸ்’ என்ற சத்தத்தோடு நுரைதான் வரும். பிறகு டீசலும் குமிழுமாக விட்டுவிட்டுத் துப்பும். விடாமல் அழுத்துங்கள். குமிழ் நின்று டீசல் ஒரே சீராக வழியத் தொடங்கியதும், அது வழிந்துகொண்டிருக்கும்போதே திருகை இறுக்குங்கள். நிறுத்திவிட்டு இறுக்கினால் மறுபடி காற்று உள்ளே போகும். டீசல் பம்பின் மேல் இன்னொரு திருகு இருந்தால் அங்கேயும் இதையே செய்யுங்கள். பெரும்பாலான வண்டிகள் இதற்குள் பிடித்துவிடும்.

பிடிக்காவிட்டால் நோசில் பைப் நட்டுகளை லூஸ் செய்து ஏர் எடுப்பது அடுத்த படி. அங்கேதான் நிறுத்தச் சொல்வேன். காமன் ரெயில் (எல்லா நோசிலுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்) இன்ஜின் என்றால் அந்த நட்டைத் தொடவே கூடாது. அதில் ஓடும் அழுத்தம் மிக அதிகம். எந்த டீசல் இன்ஜினிலும் உயர் அழுத்தப் பைப்பில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியாத பீச்சல்கூடத் தோலைத் துளைத்து டீசலைச் சதைக்குள் ஏற்றிவிடும். அட்டைத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள். ஈரம் பட்ட இடம் காட்டிக்கொடுக்கும். தோலில் ஏறிவிட்டால் வலி குறைவாக இருந்தாலும் அந்த நேரமே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொஞ்ச நேரம் ஓடி, தானாக அணைகிறது

சற்று விட்டு ஸ்டார்ட் செய்தால் மறுபடி ஓடுகிறது, மறுபடி அணைகிறது. டேங்க் மூடியை லூஸ் செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது அணையவில்லை என்றால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. டீசல் இறங்க இறங்க டேங்குக்குள் காற்று போக வழியில்லாமல் டீசல் நின்றுவிடுகிறது. மூடியைக் கழுவினால் சரி. அது இல்லையென்றால் டீசல் ஃபில்டரை மாற்றுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால் டேங்கின் அடியில் கிடக்கும் குப்பை வாய்க்கு வந்து அடைத்து, இன்ஜின் நின்றதும் விலகுகிறது. டேங்கை வடித்துக் கழுவ வேண்டும்.

சீட்டிலிருந்து எழுந்தால் மட்டும் அணைந்தால் அது கோளாறே இல்லை. பி.டி.ஓ. ஓடும்போது ஆள் இறங்கக் கூடாது என்பதற்கான சுவிட்ச் அது. ஆனால் மேடுபள்ளத்தில் குலுங்கும்போதெல்லாம் அணைந்தால் சீட்டுக்கு அடியில் உள்ள அந்த வயர் இணைப்பை அழுத்திச் செருகுங்கள். சுவிட்சைத் துண்டித்துவிடாதீர்கள்.

புகையின் நிறம்

கறுப்பு என்றால் டீசலுக்குத் தக்க காற்று இல்லை. பாரம் அதிகமாகி இன்ஜின் திணறினால் கறுப்புப் புகை வரும். ஒரு கியர் குறைத்தால் அடங்கும். வெறும் வண்டியிலேயே கறுப்பு என்றால் ஏர் ஃபில்டர். அதன் அடியில் தொங்கும் ரப்பர் வாயை வேலை நாட்களில் தினமும் ஒரு முறை பிசைந்துவிட்டால் சேர்ந்த தூசி கொட்டிவிடும். ஃபில்டரை அடிக்கடி வெளியே எடுக்க வேண்டியிருக்காது. எடுக்காமல் இருப்பதே நல்லது, ஏனென்றால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் தூசி சுத்தமான பக்கத்துக்கு விழும். எடுத்தால், குறைந்த அழுத்தக் காற்றை உள்ளிருந்து வெளியே அடியுங்கள். பிறகு இருட்டான இடத்தில் ஃபில்டருக்குள் டார்ச்சை விட்டுச் சுற்றிப் பாருங்கள். காகித மடிப்பில் ஊசிமுனை அளவு வெளிச்சம் புள்ளியாகத் தெரிந்தாலும் அந்த ஃபில்டர் குப்பைக்குத்தான். அந்தப் புள்ளி வழியாகப் போகும் மண் சிலிண்டரை அரைத்துவிடும். உள்ளே இரண்டாவதாக இருக்கும் சின்ன ஃபில்டரைச் சுத்தம் செய்யக் கூடாது, மாற்ற மட்டுமே.

நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டி ஆயில் ஊற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அளவு சரியாக இருந்தும் நீலமாகவே வந்தால் அது இன்ஜினைப் பிரித்துப் பார்க்கும் உள்வேலை, மெக்கானிக்குடையது.

வெள்ளைப் புகை குளிர்ந்த இன்ஜினில் சில நிமிடம் வந்து மறைந்தால் கவலை இல்லை. சூடேறிய பிறகும் வந்து, இனிப்பு வாடை அடித்து, கூலண்டும் குறைந்துகொண்டே போனால் இன்ஜின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். டிப்ஸ்டிக்கிலோ ஆயில் மூடியிலோ பால் கலந்ததுபோல வெளுத்த ஆயில் தெரிந்தால் இனி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

சூடு முள் ஏறுகிறது

வேலையை நிறுத்தி, பி.டி.ஓ.வை விலக்கி, சில நிமிடம் ஸ்லோவில் ஓடவிடுங்கள். ஃபேன் சுற்றிச் சூட்டை இறக்கும். ஆவி பறந்தாலோ கூலண்ட் கொட்டினாலோ மட்டும் உடனே அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் பிடிக்கும் அளவுக்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆறியதும் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள வலையை உருவுங்கள். புல் வெட்டும் வண்டிகளில் பெரும்பாலும் விஷயம் இங்கேதான். வலை சுத்தமாக இருந்தால் திருப்தியடைந்துவிடாதீர்கள். வலையைத் தாண்டிப் போன புல்விதையும் உமியும் ரேடியேட்டரின் ஃபின்களுக்கு நடுவே குத்தி நிற்கும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அதோடு சேர்ந்து கம்பளி மாதிரி ஒட்டிவிடும். ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். வெளிச்சம் வராத இடத்தில் காற்றும் வராது. ஃபேன் பக்கத்திலிருந்து முன்னோக்கி, அதாவது குப்பை வந்த வழியாகவே திருப்பி ஊதித் தள்ளுங்கள். பிரஷர் வாஷரைக் கிட்டப் பிடித்தால் ஃபின் மடங்கி அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

அடுத்து ஃபேன் பெல்ட். கட்டைவிரலால் நடுவில் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்கலாம், தொளதொளவென்றிருந்தால் இறுக்குங்கள், வெடித்திருந்தால் மாற்றுங்கள். பிறகு கூலண்ட் அளவு. வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கம் உள்ளே துருவையும் உப்புப் படிவையும் வளர்க்கும். கூலண்டும் தூய நீரும் சரிபாதி என்பது பொதுவான கலவை. இதெல்லாம் சரியாக இருந்தும் கொதித்தால் தெர்மோஸ்டாட்டோ வாட்டர் பம்போதான். அதை மெக்கானிக்கிடம் விடலாம்.

ஹைட்ராலிக் தூக்கவில்லை, அல்லது இறங்கவில்லை

தூக்கிய கருவி இறங்க மறுத்தால் சீட்டுக்கு முன்னால், கீழே ஒரு நாப் இருக்கிறதா என்று பாருங்கள். இறங்கும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் நாப் அது. முழுக்க மூடினால் கருவி மேலேயே பூட்டிக்கொள்ளும். காலோ பையோ பட்டு மூடியிருக்கும். மெதுவாகத் திறங்கள், அருகில் யாரும் நிற்க வேண்டாம்.

தூக்கவே இல்லை என்றால் ஆயில் அளவு. பல சின்ன டிராக்டர்களில் கியர்பாக்ஸுக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். முன்னால் லோடர் (மண் அள்ளும் வாளி) மாட்டியவர்களுக்கு அதன் சிலிண்டர்கள் நிரம்பியதில் அளவு குறைந்திருக்கும். கருவியைத் தூக்கும் லிங்க் கைகளையும் லோடரையும் இறக்கிவிட்டு அளவு பாருங்கள். பம்பு ஊளையிடுகிறது, ஆயில் நுரைத்திருக்கிறது என்றால் பம்பு ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சுகிறது: ஆயில் குறைவு, ஃபில்டர் அடைப்பு, அல்லது உறிஞ்சும் ஹோஸின் கிளாம்ப் லூஸ். இரண்டு லீவர் உள்ள வண்டியில் டிராஃப்ட் லீவர் (இழுவைக்கு ஏற்பக் கருவியை ஏற்றி இறக்குவது) தவறான இடத்தில் இருந்தாலும் பொசிஷன் லீவருக்கு (உயரத்தை நிறுத்துவது) கருவி ஒழுங்காகக் கட்டுப்படாது. இன்ஜின் அணைத்த பிறகு கருவி மெல்ல இறங்குவது பெரும்பாலும் இயல்பு. சில நிமிடத்தில் தரை தொட்டால் உள்ளே சீல் கசிகிறது.

பி.டி.ஓ. சுற்றுகிறது, கருவி சுற்றவில்லை

ஷியர் போல்ட் அறுந்திருக்கும். கல்லோ வேரோ மாட்டும்போது கியர்பாக்ஸைக் காப்பாற்றத் தான் அறுந்துபோவதற்கே அதைப் போட்டிருக்கிறார்கள். அதே அளவு, அதே தரம் மட்டும் போடுங்கள். கெட்டியான போல்ட் போட்டால் அடுத்த கல்லுக்கு உடைவது கியர்பாக்ஸ். பி.டி.ஓ. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும்; சட்டை நுனி மாட்டினால் கையை இழுக்க நேரம் இருக்காது. மேல் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

இன்ஜின் ஏறுகிறது, வண்டி நகரவில்லை

ரேஸ் கொடுத்தால் சத்தம் மட்டும் கூடி, கருகல் வாடை அடித்தால் கிளட்ச் வழுக்குகிறது. பெடலில் கையேடு சொல்லும் பிளே, அதாவது கிளட்ச் பிடிக்கும் முன் பெடல் சும்மா இறங்கும் தூரம், இருக்கிறதா பாருங்கள். பல வண்டிகளுக்கு அது 20 முதல் 30 மி.மீ. பெடலில் கால் வைத்தபடியே ஓட்டுபவருக்குக் கிளட்ச் சீக்கிரம் போகும். ஆயில் அழுத்தத்தாலேயே சக்கரத்தை ஓட்டும், கிளட்ச் இல்லாத ஹைட்ரோஸ்டாடிக் வண்டி சூடேறியதும் மேட்டில் இழுக்காவிட்டால் ஆயில் அளவு, பிறகு அதன் ஃபில்டர்.

திருப்பங்களில் ஸ்டியரிங் இறுகி, சக்கரம் இழுத்து இழுத்து உராய்ந்தால் ஃபோர் வீல் போட்டபடி கெட்டித் தரையில் ஓட்டுகிறீர்கள். எடுத்துவிடுங்கள். பிரேக் ஒரு பக்கம் இழுத்தால் இடது, வலது சக்கரங்களுக்கான இரண்டு பிரேக் பெடலின் பிளேயும் ஒன்றாக இல்லை. சாலைக்குப் போகும்போது இரண்டையும் இணைக்கும் கொக்கியைப் போட மறக்க வேண்டாம்.

ஆயில் விளக்கு எரிகிறது

இன்ஜின் ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த நொடியே அணையுங்கள். வரப்பு வரை போய்விடலாம், இந்தச் சாலை முடியட்டும் என்று நினைக்காதீர்கள். ஆயில் அழுத்தம் இல்லாமல் ஓடும் ஒரு நிமிடத்தில் பேரிங் உருகிவிடலாம். ஐந்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்றி, எங்கே கசிகிறது என்று தேடுங்கள். அளவு சரி என்றால் விளக்கின் சென்சார் கெட்டதா, அழுத்தமே இல்லையா என்பதை மெக்கானிக் கேஜ் மாட்டித்தான் சொல்ல முடியும். அதுவரை ஸ்டார்ட் வேண்டாம். ஊற்றாமலேயே ஆயில் அளவு ஏறியிருந்தாலும் இதே கதைதான்: டீசலோ கூலண்டோ உள்ளே இறங்குகிறது. இன்ஜின் வேகத்தோடு சேர்ந்து அடிக்கும் ‘டொக் டொக்’ சத்தத்துக்கும் அணைப்பதே முதல் வேலை.

மெக்கானிக்கைக் கூப்பிடும்போது

‘வண்டி ஓடவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவரும் முதலிலிருந்து தேடுவார், அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் காசு கொடுப்பீர்கள். இன்ஜின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டரில் எத்தனை காட்டுகிறது, கோளாறு சூட்டில் வருகிறதா குளிரில் வருகிறதா, வெறும் வண்டியிலா பாரத்திலா, அதற்கு முன் கடைசியாக எதைத் தொட்டீர்கள் என்று சொல்லுங்கள். செல்ஃப் அடிக்கும்போது புகை வந்ததா, பேட்டரி எத்தனை வோல்ட் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சத்தம் என்றால் செல்போனில் பதிவு செய்து அனுப்புங்கள். வரும்போதே தேவையான சாமானோடு வருவார். கழற்றிய பழைய ஃபில்டரையும் வடித்த ஆயிலையும் அவர் பார்க்கும்வரை எறியாதீர்கள். ஃபில்டர் மடிப்பில் உலோகத்தூள் மின்னுகிறதா என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார்.